மிளகுத் தோட்டத்தில் சுண்ணாம்பு கேட்டவர்

நான்கு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளை எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டின் மகளிர் குழுவுக்குச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம், என் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியும். (எட்டாவதுதான் படித்திருக்கிறேன். அதைக்கூட யாரும் விசாரிக்கவில்லை.)

சேலத்து நிறுவனம் ஒன்று எங்களுக்கு மிளகு நாற்று கொடுத்தது. சில்வர் ஓக் மரங்களின் அடியில் நட்டோம். ஒரு வருடம் கழித்து, தோட்டத்தைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. திருப்தியாக இருந்தால் மறுபடியும் எங்களோடு வேலை செய்வார்கள், மிளகு காயவைக்க சிமெண்டுக் களமும் கட்டித் தருவார்கள். அதுவரை பழைய கொடிகளின் மிளகை ரோட்டில்தான் காயவைத்துக்கொண்டிருந்தோம். பஸ் வந்தால் மிளகு நாலாபக்கமும் ஓடும், பின்னாலேயே நாங்களும் ஓடுவோம்.

சிக்கல் என்னவென்றால், நட்ட நாற்றில் பாதி செத்துப்போயிருந்தது.

தலைவி சரசக்கா கலங்கவில்லை. “மிளகுக் கொடியும் வெத்தலைக் கொடியும் பாக்க ஒண்ணாட்டந்தான் கண்ணு இருக்கும். சேலத்துக்காரங்களுக்கு என்ன தெரியும்?”

யோசனை அவருடையது, கை என்னுடையது. விடிந்ததும் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்த வெற்றிலைக் கொடிகளை அறுத்து, வெறும் மரங்களில் வாழைநாரால் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் உயிரோடிருந்த மிளகைவிடச் செழிப்பாக இருந்தது. (அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

ஜீப்பில் அதிகாரியம்மா வந்து இறங்கினார். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் தலைசுற்றி முகம் வெளுத்திருந்தது. இந்த நிலைமையில் புளியங்கொம்பைக் காட்டினாலும் மிளகு என்று நம்புவார் என நினைத்தேன். டிரைவரை மறந்துவிட்டேன். அவர் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவராம். ஒரு இலையைக் கிள்ளி, சட்டையில் துடைத்து, காம்பை எறிந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

“சுண்ணாம்பு இருக்குங்களா?”

அதிகாரியம்மா கொடியை லேசாக இழுத்தார். நாரோடு கையில் வந்துவிட்டது. அடியில் அரிவாள் வெட்டு பளிச்சென்று இருந்தது.

சரசக்கா வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எப்போதும் ஒட்டிக்கொள்ளும் நாக்கு அன்றைக்கு அவிழ்ந்துகொண்டது; திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை.

“வெத்தலைதானுங்க. மிளகு பாதி செத்துப்போச்சுங்க. ஓடையோரம் வெச்சது தண்ணி நின்னு வேரழுகிருச்சு. மேட்டுல வெச்சது பொழச்சுக்கிச்சுங்க. அந்த மூணு மரத்துல மட்டும் ஆடு தின்னுருச்சு. ஆடும் எங்களுதுதானுங்க.”

அதிகாரியம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். ஒரு மாதம் குழுவில் யாரும் என்னோடு பேசவில்லை. (எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.)

பிறகு சரசக்காவுக்கு அதிகாரியம்மாவிடமிருந்து போன் வந்தது. மறுபடியும் எங்களோடுதான் வேலை செய்வார்களாம். நம்பாமல் ஸ்பீக்கரில் போட்டுக் காரணம் கேட்டார்.

“போன எடத்துல எல்லாம் ‘எல்லாமே நல்லா இருக்கு’ன்னே சொன்னாங்க. அதை வெச்சு நான் என்ன பண்றது? உங்க செயலாளர்தான் எது செத்துச்சு, ஏன் செத்துச்சுன்னு சொன்னாங்க. இந்தத் தடவை மேட்டுல மட்டும் நடலாம். அப்புறம், உங்களுக்குப் பொய் சொல்லவே வரலை. பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோகுது. உங்களோட வேலை செய்யறது நிம்மதிங்க.”

களம் வந்துவிட்டது. கதையும் மலையிறங்கிவிட்டது. போன மாதம் என் மகளின் நிச்சயதார்த்தத்தில், மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சம்பந்தியம்மாவிடம் தாம்பூலத் தட்டை நீட்டினேன். அவர் ஒரு இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது வெத்தலைதானுங்களே? மிளகு இல்லீங்களே?”

கூடமே என்னைப் பார்த்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டுப் பிரித்தேன்.

“வெத்தலைதானுங்க. இந்தத் தடவை சுண்ணாம்பும் இருக்குதுங்க.”