கொடியண்ணையின் இரண்டு யானைகள்

தான் வேலை செய்த நிலையத்துக்குப் பெற்றோல் அடிக்க வந்த எவரையும், அவர் நாட்டுக் கொடிக்கு விளக்கம் சொல்லாமல் கொடியண்ணை வெளியே விட்டதாக வரலாறே இல்லை. எண்பதுகளின் கடைசியில் லண்டன் வெம்பிளியில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். அகதி விசாரணைக்குப் போனவர், தன் கதையை விட்டுவிட்டு, அதிகாரியின் மேசைக் கொடி தலைகீழாக நிற்கிறது என்று வாதாடிவிட்டு வந்தார்.

"அவன் எல்லாத்தையும் எழுதினவன்," என்றார் பெருமையாக. வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது.

இவருக்கு மோர்டனில் ஒரு தம்பி. ஊரில் இருவரும் வேறு வேறு இயக்கம். இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுத் தள்ளிய காலத்தில் எப்படியோ தப்பி இருவரும் லண்டன் வந்துவிட்டார்கள். ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் தாய் இறந்துபோனார். போக வழியில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியை இங்கேயே செய்ய வேண்டும்.

"தம்பி இல்லாமல் தனியச் செய்ய என்னால ஏலாது," என்றவர், கட்டில் விரிப்பைக் கத்தரிக்கத் தொடங்கினார்.

ஆபிரிக்காவின் தெற்கே கப்ரிவி என்றொரு ஒடுங்கிய நிலத்துண்டு. அதன் கொடியில் இரண்டு யானைகள் எதிரெதிரே நிற்கும்.

"சண்டைக்கோ அண்ணை?"

"விசரா, அங்க ரெண்டு சனம். ஆளையாள் பார்த்துக்கொண்டு சமாதானமா இருக்கினம். வெள்ளை சமாதானம், கறுப்பு சனம், பச்சை வயல், நீலம் தண்ணி."

அந்தக் கொடியை விரிப்புத் துணியில் மூன்று நாள் தைத்தார். ஒரு யானை பன்றிபோல வந்துவிட்டது. அது தான்தானாம், மற்றது தம்பியாம். மோர்டனுக்குத் தபாலில் போட்டார்.

பொதி கிடைத்ததும் தம்பி போன் எடுத்தான். அண்ணையின் முகம் மலர்ந்தது. அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

"அம்மா செத்து ஒரு மாசம் ஆகேல்லை, ஆளுங்கட்சியின்ர யானையை அனுப்பி நக்கலடிக்கிறியோ?"

எங்கள் நாட்டில் அப்போது, எங்கள் ஊர்களில் குண்டு போட்ட ஆளுங்கட்சிக்கு யானைதான் சின்னம். உலகக் கொடிகளெல்லாம் மனப்பாடமான மனிதருக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை!

"இல்லையடா, இது கப்ரிவி..."

தம்பி வைத்துவிட்டான். அண்ணை பச்சை, நீலம் வரை சொல்லி முடித்த பிறகே ரிசீவரை வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்தியேட்டியன்று மூன்று மணிவரை ஐயரைக் காக்க வைத்தார். தம்பி வரவில்லை. கிரியை முடிந்ததும் இரண்டு இலை போட்டு, ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார். மற்றதில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பருப்புச் சட்டியை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஆனாலும் யாராவது கேட்டால், வெம்பிளியில் எனக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்றுதான் சொல்லுவேன்.