எஞ்சின் இல்லாத வண்டிக்கு ஒரு ஜீப் வேண்டி

பிரம்மதேசம்,
புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் பாலகுரு அவர்களுக்கு, கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை தையல்நாயகி, இரண்டு கறவை மாடுகள், ஒரு ட்ரெய்லர் ஆகிய எல்லோரும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். கிளியனூரில் நீங்களும் சகோதரி சூர்யகலாவும் உங்கள் ஜீப்பும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். ஜீப்பை மட்டும் தனியாக விசாரிப்பதாக நினைக்க வேண்டாம். அதன் டயர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபால்காரரை நம்பிப் பேனாவை எடுத்தேன். கோபத்தைப் பத்து நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். விஷயம் அவ்வளவு சந்தோஷமானது.

நான் வண்டி வாங்கியிருக்கிறேன் மச்சான். ரோடே இல்லாத இடத்தில் போகிற கேம்பிங் ட்ரெய்லர். இரண்டே சக்கரம், இரண்டும் லாரி மாதிரி தடி டயர். பக்கத்துக் கதவைத் தூக்கினால் கேஸ் அடுப்பு, இன்னொரு கதவைத் திறந்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க மெத்தை, கூரையில் சோலார், அடியில் தண்ணீர் டேங்க், மேலே சுருட்டி வைத்த துணியை இழுத்துவிட்டால் பந்தல், பந்தலுக்குக் கீழே போட இரண்டு மடக்கு நாற்காலி. பாண்டிச்சேரியில் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றார். முப்பத்தொரு வருஷம் திண்டிவனம் – பாண்டி ரூட்டில் கண்டக்டராக இருந்தவன் நான். பூமியைப் பல தடவை சுற்றுகிற தூரம் போயிருப்பேன், ஆனால் பார்த்தது என்னவோ அதே புளியமரங்கள்தான். உங்கள் தங்கை அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கல்யாணமான வருஷம் ஏலகிரி மலைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள், ரிட்டயர் ஆகட்டும் என்றேன். ஆகிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

எங்கள் தெருவில் அது நுழையாது என்பதால், என்னோடு பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்த செல்லப்பன் இப்போது மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளத்தில், கொட்டகை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். விற்றவர் தன் காரில் கட்டி இழுத்து வந்து, கழற்றிவிட்டு, கை கொடுத்துவிட்டுப் போனார். அவர் கார் கண்ணில் இருந்து மறைந்த பிறகு தையல்நாயகி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுக்கு எஞ்சின் எங்கங்க இருக்குது?" என்று கேட்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த யோசனையே எனக்கு வரவில்லை. எனக்கு வண்டி என்றால் பின்பாதிதான். முன்னால் எவனோ ஒருவன் இருப்பான், நான் விசில் ஊதினால் அது போகும். வாங்கும்போதுகூடக் கதவு, ஜன்னல், படி எல்லாவற்றையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். முன்னால் போய்ப் பார்க்கவே இல்லை.

அதை விடுங்கள், பராமரிப்புக்கு வருகிறேன். கடற்காற்று படும் இடத்தில் நிறுத்தினால் தினமும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. அங்கே வேலை செய்யும் வேலம்மாளைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஓடிய மோட்டாரைக் காட்டி, தினம் இரண்டு வேளை ஊற்றச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வண்டி வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. ஷோரூமில்கூட அப்படி இருந்திருக்காது. உடனே படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் பார்த்த படம் அதுதான். அனுப்பிவிட்டுத் தொட்டேன், கையோடு பொடியாக வந்தது. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற மோட்டார் அது. எங்கள் ஊரில் மோட்டார் போட்டால் நல்ல தண்ணீர்தானே வரும், நான் என்னத்தைக் கண்டேன். வேலம்மாளைக் கேட்டால், "உப்பு எடுக்கத்தான் ஊத்தச் சொல்றீங்கன்னு நெனைச்சேன் சார். கூரை மேல நல்லா வெளைஞ்சிருக்குது" என்றாள். சுரண்டியதில் ஒரு பக்கெட் தேறியது. உங்கள் தங்கை அதில்தான் இந்த வருஷம் மாங்காய் ஊறுகாய் போட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் எனக்குப் பட்டப்படிப்பு மாதிரி. சக்கரம் சுற்றவில்லை, பிரேக் பிடித்தது விடவில்லை, கொக்கி திறக்கவில்லை, அடுப்புக் குழாயில் உப்பு, விளக்குக்கு ஒயர் மாட்டுகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்து, அவர் செய்யச் செய்யப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அமுக்கி நிரப்ப எனக்கே தெரியும். அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஒரு தட்டு தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது பாருங்கள், மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்கலாம். நான் பார்த்தேன்.

வெள்ளோட்டமும் முடிந்தது. செல்லப்பன் உப்பு ஏற்றுகிற டிராக்டரில் கட்டி இழுத்தான். முன்னால் போகும்போது ராஜா மாதிரி போனது. திரும்ப முடியாத கரை என்பதால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. நான் பழையபடி பின்னால் நின்று, வரலாம், வரலாம், லெஃப்ட்டில் ஒடி என்று விசிலோடு சொன்னேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் மறுபக்கம் போகும் என்று யார் கண்டார்கள். நான் ஹோல்டான் சொல்வதற்குள் அது நேராகப் பாத்தியில் இறங்கி, வாரிக் குவிக்க இருந்த உப்பில் அச்சு வரை புதைந்துவிட்டது. வேலம்மாளும் இன்னும் எட்டுப் பெண்களும் கயிறு கட்டி, சிரித்துக்கொண்டே இழுத்து ஏற்றினார்கள். செல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்பா, பதினெட்டு வருஷம் உன் விசிலை நம்பி பஸ்ஸு ஓட்டியிருக்கேன். இப்போ நெனைச்சா பயமா இருக்குது" என்றான். மறுபடி கழுவி, மறுபடி கிரீஸ் வைத்து, இன்றைய தேதிக்கு வண்டி புது மணப்பெண். (அந்த விசிலை ஆணியில்தான் மாட்டுவேன். இன்று காலை பார்த்தால் காணோம்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டரில் ஏலகிரி போக முடியாது. வாடகை ஜீப் பேசுகிறேன் என்றதற்கு உங்கள் தங்கை அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்: "ஊர்ல ஆயிரம் ஜீப்பு இருக்கட்டும். எங்க அண்ணன் வந்து ஓட்டினா ஏறுவேன். இல்லன்னா உங்க ட்ரெய்லர்ல கன்னுக்குட்டியக் கட்டிடுவேன்." அவள் சொன்னால் செய்கிறவள். மாடு வேறு மாத முடிவில் ஈன இருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் போகி அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் எனக்கே பிடிக்காது. தங்கைக்குப் பொங்கல் வரிசையோடு கிளியனூரில் என் பஸ்ஸில் ஏறினீர்கள். கரும்புக் கட்டு, வாழைத்தார், பரங்கிக்காய். லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். "தங்கச்சி புருஷன் வண்டியில லக்கேஜா?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தீர்கள். நான் ஒற்றை விசில் ஊதி உங்களைக் கரும்போடு நடுவழியில் இறக்கிவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரி, அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் நின்றிருந்தார்கள், அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன் மச்சான். வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ் திரும்பி வரும் என்று நினைத்தது போல நின்றீர்கள். அந்த வருஷம் தையல்நாயகி பொங்கலை இறக்கிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து வரிசை வேறு ஆள் கையில்தான் வருகிறது, பரங்கிக்காய் காம்பில் லக்கேஜ் டிக்கெட் கட்டப்பட்டு. பன்னிரண்டு டிக்கெட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை தாங்கள் ஜீப்போடு மரக்காணம் வந்து சேரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். டீசல் என் பொறுப்பு, ரிவர்ஸ் உங்கள் பொறுப்பு. சகோதரிக்கு என் விசாரிப்புகள், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், குலதெய்வம் துணை.

தங்கள் வரவை வாசலில் எதிர்பார்க்கும்,
கலியமூர்த்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் போடுமுன் டயரில் காற்றுப் பார்க்கலாம் என்று உப்பளத்துக்குப் போனேன். ட்ரெய்லர் நின்ற இடத்தில் இரண்டு மடக்கு நாற்காலி மட்டும் இருந்தது. "அம்மாவும் அவங்க அண்ணனும் வந்து ஜீப்புல மாட்டிக்கினு கிளியனூரு போயிட்டாங்க சார். அம்மாதான் பின்னாடி நின்னு விசிலு ஊதுச்சி. ஒரே ரிவர்ஸு, நேரா வந்துச்சி" என்றாள் வேலம்மாள். தையல்நாயகி சொல்லச் சொன்னதாக இதையும் சொன்னாள்: "நாற்காலி ரெண்டையும் எடுத்துக்கினு அவர பஸ்ஸுல வரச் சொல்லு. லக்கேஜ் எடுத்துக்கினு வரச் சொல்லு."

இதைத் திண்டிவனத்தில் மாறிய பஸ்ஸில், மடியில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடுவதற்கு ரோடுதான் காரணம். கண்டக்டர் தெரிந்த பிள்ளை. எனக்கு ரிட்டயர் ஆனவர்களுக்கான பாஸ் இருக்கிறது. நாற்காலிக்கெல்லாம் லக்கேஜ் வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொன்னான். விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன். டிக்கெட் இத்துடன் குத்தப்பட்டுள்ளது, சரிபார்த்துக்கொள்ளவும். தபாலுக்கு நேரமில்லை, இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கிளியனூர் ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள் மச்சான், நாற்காலி இரண்டும் கனமாக இருக்கின்றன.