சம்பந்தி அனுப்பிய வெல்டிங் செட்

திண்டிவனம்,
18-11-1986, செவ்வாய்க்கிழமை.

விழுப்புரம் எண்ணெய் மில் உரிமையாளர், மரியாதைக்குரிய சம்பந்தி திரு. அப்பாண்டைராஜ் நயினார் அவர்களுக்கு, திண்டிவனம் பார்சுவநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜினமதியும் நலம், காரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை சுமதிகுமாரும் எங்கள் மகள் கனகமணியும், அவள் வயிற்றில் இருக்கும் நம் இரண்டு வீட்டுச் செல்வமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

முதலில் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும். வளைகாப்பு முடிந்து கனகமணியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நாங்கள் காரோடு தங்கள் வாசலில் நின்றபோது, சம்பந்தியம்மாள் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்க்க, காரின் தரை வழியாகத் தங்கள் வீட்டு வாசல் கோலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததே, அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ரிடையர் ஆன நாளிலிருந்து வேறு வேலை இல்லாமல் தினமும் ஐந்து வாளி தண்ணீர் ஊற்றி உள்ளும் புறமும் கழுவியதில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்தது, என் குற்றம்தான். "ஓட்டையை அடைச்சிக்கினு வாங்க, அனுப்பறேன். ஒம்பதாம் மாசம் பொறந்துட்டா அனுப்ப மாட்டேன்" என்று தாங்கள் சொன்னது முற்றிலும் நியாயம். அன்று ஜினமதி, மகள் உட்கார வேண்டிய இடத்தில் வளையல் தட்டை வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை வந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் சொன்னதோடு விட்டிருப்பார்கள். தாங்களோ மறு வாரமே மில் இரும்புச் சட்டங்களை ஒட்டும் கரண்ட் வெல்டிங் செட்டையே மல்லாட்டை மூட்டை ஏற்றும் லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே நான் கடைகடையாக விசாரித்து வைத்திருந்தேன். கார் தகரம் மெல்லிசு, அதற்குக் கேஸ் வெல்டிங்தான் ஏற்றது, கரண்ட் வெல்டிங் இரும்பு கேட்டுக்கும் ஜன்னலுக்கும்தான் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். வாடகைக் கார் பிடித்துப் பெண்ணை அழைத்து வந்தால் என்ன என்று ஜினமதியும் கேட்டாள். ஆனால் சம்பந்தி பார்த்து அனுப்பிய பொருள் வாசலில் இறங்கிய பிறகு கேஸாவது, வாடகைக் காராவது? கரண்ட்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எண்ணெய் நிரப்பிய அந்த இடுப்பளவு இரும்புப் பெட்டியை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அதில் ஒருவருக்கு இன்னும் நிமிர முடியவில்லை, நலமாக இருக்கிறார்.

வீட்டுக் கரண்டில் போட்டதும் ஃபியூஸ் போனது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க. பக்கத்து மாவு மில் பச்சைமுத்து நல்ல மனிதர், தன் மில்லிலிருந்து பெரிய லைன் இழுத்துக் கொடுத்தார். நான் இங்கே வெல்டிங் ராடை வைத்தால் அங்கே அவர் மிஷின் முனக ஆரம்பிக்கும், கேழ்வரகு டின்னோடு வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் திரும்பி என் வீட்டைப் பார்ப்பார்கள். முதல் நாள் கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்காமல் ஆர்வத்தில் நேராகப் பார்த்துவிட்டேன். மறுநாள் காலை கண்ணில் மணல் கொட்டியது போல் எரிச்சல், திறக்க முடியவில்லை. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைக்கச் சொன்னார் பச்சைமுத்து. நம் ஜைன வீடுகளில் கிழங்கு ஏது? கண்ணில் வைப்பது சாப்பிட்ட கணக்கில் சேருமா சேராதா என்று ஜினமதி முற்பகல் முழுக்க யோசித்து, கடைசியில் வெள்ளரிக்காயை வைத்தாள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. தெளிவாகப் பார்த்தபோது, ஒரு ஓட்டை இருந்த இடத்தில் பதினொன்று இருந்தது. ராடை வைத்த இடமெல்லாம் தகரம் அப்பளம் போல் பொரிந்து போயிருந்தது. தங்கள் செட்டின் சக்தி அப்படி, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதற்குள் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. காலண்டரில் ஒன்பதாம் மாதம் பிறக்கும் தேதியை, அதாவது வருகிற வியாழக்கிழமையை, ஜினமதி மஞ்சளால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அவள் யாரிடம் சொன்னாளோ, ஒரு நாள் காலை கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சவுரிராயன் வந்து நின்றார். கூட்டேரிப்பட்டில் டிங்கர் கடை வைத்திருப்பவர், கெட்டிக்காரர். என் வேலையைக் குனிந்து பார்த்து, "நயினாரே, இது கார் தகரம், கோட்டைக் கதவு இல்ல" என்றார். ஒரே நாளில் முடித்துவிடுவதாகச் சொன்னார். மூன்று நாள் ஆனது, அதற்கும் அவர் பொறுப்பல்ல. கதவுக்கு அடியில் இருந்த பெட்டிச் சட்டத்துக்குள் எறும்புகள் குடியிருந்தன. ஒரு உயிர் வெந்தாலும் அந்தக் காரில் தன் பெண்ணும் பேரக்குழந்தையும் ஏறக்கூடாது என்று ஜினமதி சட்டம் போட்டுவிட்டாள். வேப்பமரத்தடி வரை வெல்லத்தூளைக் கோடாக இழுத்துவிட்டு, எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம். முதல் நாள் சிரித்த சவுரிராயன், இரண்டாம் நாள் தானே குத்தவைத்து உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வருது இருங்கம்மா" என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் நீலச் சுடரில் பித்தளைக் கம்பியை உருக்கி அவர் ஒட்டிய தகரத்தில் விரல் வைத்தால் ஒட்டே தெரியவில்லை.

ஆனால் சம்பந்தி, தாங்கள் அவ்வளவு தூரம் அனுப்பிய செட்டால் ஒரு வேலையும் ஆகவில்லை என்று நான் எழுதும்படி ஆகலாமா? மனம் கேட்கவில்லை. சவுரிராயனிடம் கடைசி ஒரு துண்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். பின் சீட்டுக்குக் கீழே, சரியாகக் கனகமணி உட்காரும் இடத்தில், அந்தத் துண்டைத் தங்கள் செட்டால் என் கையாலேயே ஒட்டிவிட்டேன். ஆகவே நம் பெண் தங்கள் அன்பின் மேல்தான் உட்கார்ந்து வரப்போகிறாள். நாளை புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரோடு வருகிறோம். அவளைத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டும். கோலத்தின் மேலேயே நிறுத்துகிறேன், சம்பந்தியம்மாள் தாராளமாக எட்டிப் பார்க்கலாம்.

மாப்பிள்ளைக்கும் கனகமணிக்கும் எங்கள் ஆசிகள். தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் வணக்கம். தங்கள் உதவியை ஆயுசுக்கும் மறவாத,

பார்சுவநாதன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று ஜினமதியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கூட்டேரிப்பட்டு வரை போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் சீட்டு அவளோடு ஒரு பக்கமாகத் தாழ்ந்து, அவள் செருப்பு ஒன்று ரோட்டில் விழுந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. விட்டுப் போனது நான் ஒட்டிய துண்டு மட்டும்தான், செட்டின் மேல் தவறில்லை. அவள் இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, "என் பொண்ணு உக்கார்ற எடத்துலயா மரியாதைக்குன்னு துண்டு வெச்சி ஒட்டுனீங்க?" என்று கேட்டாள்.

நாளைக்கு நாங்கள் வரவில்லை. "அவளை எந்த வண்டியிலயும் ஏத்த வாணாம். அங்கயே இருக்கட்டும், நான் போறேன்" என்று மாற்றுப் புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டு, நான் இதை எழுதி முடிக்கக் காத்து நிற்கிறாள். நாலு மணி பஸ்ஸில் இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவதும் அவள்தான். பேரக்குழந்தை பிறக்கும் வரை சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை என்று இந்த இரண்டு வருஷமாகத் தங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவள், பிரசவம் ஆகும் வரை அங்கேயே தங்கப்போகிறேன் என்கிறாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வந்து சேர ஐந்தேகால் ஆகிவிடும், பொழுது சாய்ந்துவிட்டால் நம் வழக்கப்படி அப்புறம் சோற்றைத் தொட மாட்டாள். தயவுசெய்து வந்தவுடனே இலை போட்டுவிடுங்கள். அவளாகக் கேட்க மாட்டாள். கனகமணியைப் பரிமாறச் சொல்லுங்கள், அவள் கையால் போட்டால் சாப்பிட்டுவிடுவாள்.