குளியலறைக்குக் கைப்பிடி வாங்கிய விவரம்

அன்புள்ள மைத்துனன் குருசாமிக்கு,

காமயகவுண்டன்பட்டியிலிருந்து உன் மாமா சுருளிராஜன் எழுதுவது. இங்கே நாங்களும் திராட்சைக் கொடியும் நலம். ஆண்டிபட்டியில் நீங்களும் மழையும் நலந்தானே? போனில் பேசினால் உன் அக்கா ஜோதிலட்சுமி குறுக்கே பேசுவாள் என்பதால், பழக்கூடையோடு இதை அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டில் யாரோ விழுந்ததாக நீ கேள்விப்பட்டது உண்மைதான். விழுந்தது உன் அக்கா. குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி, வாளிக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஆளுக்கு ஒன்றுமில்லை, வாளிதான் போய்விட்டது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. நான் வெளியே நின்று கதவிடுக்கில் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டுதான் குளியல். அப்படியும் சுவரில் கைப்பிடிக் கம்பி மாட்டலாமா என்று கேட்டால், "அது கெழடுகளுக்கு மாட்டுறது" என்று கோபம் வருகிறது. வம்படியாக அவளைக் கம்பம் டவுனுக்குப் பஸ் ஏற்றினேன். கடையில் உன் அக்கா பளபளவென்று ஒன்றை எடுத்து, "இதுதேன் அழகா இருக்கு" என்றாள். "அது துண்டு காயப்போடுற கம்பி, ஆளு தொங்குனா செவுத்தோட வந்துரும்" என்றார் கடைக்காரர். நான் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, வழுக்காத சொரசொரப்புக் கம்பியாகத் தேர்ந்தெடுத்தேன். எந்த உயரத்தில் மாட்டுவது என்று பேச்சு வந்ததும், உன் அக்கா காட்சிக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் டாய்லெட்டில் போய் உட்கார்ந்து, பக்கத்துக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் முனகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. திரும்ப உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள், விடுவதாக இல்லை. டைல்ஸ் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அதில் பொன்னுராஜ் என்ற பெரியவர், "அவுக எந்திரிச்சாகன்னா நானும் ஒருக்கா உக்காந்து பாப்பேன்" என்று வரிசையில் நின்றார்.

கம்பி மாட்டியாயிற்று. நேற்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளியல், உள்ளே ஒரே பாட்டு. தொட்டித் தண்ணீர் தீர்ந்தும் பாட்டு தீரவில்லை. வெளியே வேலையற்ற கையோடு நின்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனவே நீ பதறி ஓடி வர வேண்டாம். விழுந்ததைப் பற்றி அக்காவிடம் கேட்டும் வைக்காதே, கூச்சப்படுவாள். சுருளி வேலப்பர் கிருபையில் உங்கள் வீட்டுத் தரை எப்போதும் காய்ந்தே இருக்கட்டும்.

அன்புடன்,
சுருளிராஜன்

பி.கு.: தம்பி, கூடையக் கட்டும்போது இதப் படிச்சேன். ‘உன் அக்கா’ன்னு வர்ற எடத்துல பூராம் உங்க மாமாவப் போட்டுக்க. ‘நான்’னு வர்ற எடத்துல என்னயப் போட்டுக்க. மத்தபடி அவுக எழுதுனது அம்புட்டும் நெசந்தேன். – ஜோதிலட்சுமி