ஃபேன் ரிப்பேர்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே குட்டி வக்கீல் சட்டக் கல்லூரியின் மாடிப்படி ஏறினான். கழுத்தெல்லாம் வியர்வை. ஆனால் முகம் தெரிந்தால் மானம் போய்விடும்.

போகிற இடம் அப்படி. மாடிக் கோடியில் இருக்கும் படிப்பு ஆலோசனை அறை. "அந்த ரூமுக்குப் போறவன் கறுப்பு கோட்டைக் கனவுலதான் போட்டுக்கணும்" என்று ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அவர் பாடத்தில்தான் இவன் ஏற்கெனவே ஃபெயில். இன்னொரு முறை ஃபெயிலானால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அக்கா கோட்டே தைத்து அலமாரியில் மாட்டிவிட்டாள். 'குட்டி வக்கீல்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

வாசலில் அட்டெண்டர் மறித்தார். "யாருப்பா நீ? என்ன வேணும்?"

உண்மை தொண்டை வரை வந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டதும் அப்படியே உள்ளே போய்விட்டது.

"ஃபேன் ரிப்பேருக்கு வந்திருக்கேன்ணே."

"ஹெல்மெட் எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

அட்டெண்டர் மறுபேச்சில்லாமல் ஏணியைக் கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழே போட்டார். இனி ஏறாமல் தீருமா? ஏறினான். ஏணி ஆடியது. அவன் அதைவிட அதிகமாக ஆடினான்.

அறைக்குள் மேசைக்குப் பின்னால் இருந்த ஆலோசகர் அம்மா கேட்டார். "ஃபேனுக்கு என்னவாம்?"

"சத்தம் போடுதாம் மேடம்."

"இன்னிக்கு நான் போடவே இல்லையே?"

"அதான் மேடம்... போடறதுக்கு முன்னாடியே பாத்துடலாம்னு."

"நல்லது, பாருங்க" என்றவர் ஒரு விடைத்தாளை எடுத்துத் தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டார். "கேள்வியைப் பாத்ததும் தெரிஞ்ச சட்டத்தையெல்லாம் கொட்டிடறாங்க. கடைக்காரர் கண்ணாடிக்குள்ள விலை எழுதி வெச்சா, அது விக்க ஒத்துக்கிட்டதா, இல்ல பேரம் பேசக் கூப்பிட்டதா? சண்டையே அதுதான். அதை முதல்ல எழுதிட்டு அப்புறம் சட்டத்துக்கு வந்தா என்ன?"

குட்டி வக்கீலுக்குச் சட்டென்று விளங்கியது. "அப்ப பொருள் வாங்க வந்தவர்தான் மேடம் முதல்ல ஒப்பந்தம் பேசறவர்..."

பதறிப்போய் வாயைப் பொத்தினான். கைக்கு அகப்பட்டது ஹெல்மெட்தான். கையை விட்டதில் ஏணி சாய, ஃபேனின் இறக்கையைப் பிடித்துத் தொங்கினான். கால் மறுபடி ஏணியில் பதிவதற்குள் இறக்கை வளைந்துவிட்டது. நல்லாயிருந்த ஃபேனுக்கு இப்போது நிஜமாகவே ரிப்பேர் வந்துவிட்டது.

"ரிப்பேர்காரருக்குச் சட்டமெல்லாம் தெரியுதே!"

"கே... கேள்வி ஞானம் மேடம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர்!

அவர் ஏணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவன் முதுகுப் பக்கம் நின்றார். ஹெல்மெட்டின் பின்புறம் கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. தொலைந்தோம். அக்காவிடம் என்ன சொல்வது? அந்தக் கோட்டை என்ன செய்வது?

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது படி ஆடும், பாத்து இறங்கு. நான் படிக்கிறப்ப இதே ஃபேனை ரிப்பேர் பண்ண ஏறினேனே, அப்பவே ஆடிச்சு."