முதல் குரலுக்குக் கட்டுப்பட்ட பெட்டி

நெருப்பு, சக்கரம், தறி என்று மனித குலத்தின் கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்துகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஓர் அலுவலகத்தை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்கிற மாபெரும் உண்மை, 2004-ஆம் ஆண்டு வைகாசியில், பெரிய காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு விற்பனைச் சங்கத்தின் மாடிப்படிக்கு அடியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவள் பில் போடும் வள்ளி. பெருமை போய்ச் சேர்ந்தது வேறு இருவருக்கு. உலக வழக்கமே அதுதானே!

அந்த மாதம் சங்கத்துக்குள் ‘நவீனமயம்’ நுழைந்தது. பார்க்கச் சப்பட்டையாக ஒரு பெட்டி, பெயர் ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. சங்கத்துக் கம்ப்யூட்டர்களின் ஒயர்கள் எல்லாம் அதில்தான் வந்து சேரும். அது வழிவிட்டால்தான் ஒன்றோடொன்று பேசும். மாடிப்படிக்கு அடியில் அதை மாட்ட வந்த சென்னை இன்ஜினியர் குமாரவேல் அதன் அருமை பெருமைகளை விளக்கினான்.

“யாரும் கை வைக்க வேணாம் சார். கரண்ட் வந்ததும் அதுவே எழுந்துக்கும். ‘எனக்குக் கட்டளை குடுக்க யாராவது இருக்கீங்களா’ன்னு அஞ்சு நிமிஷம் கூப்பிடும். எந்தக் கம்ப்யூட்டர் மொதல்ல பதில் சொல்லுதோ, அன்னிக்கு முழுக்க அது சொன்னபடி நடக்கும்.”

‘மொதல்ல’ என்ற சொல்லை அவன் வேறு எந்த ஊரிலாவது சொல்லியிருக்கலாம். முதல் தீர்த்தம் யாருக்கு, முதல் மாலை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் ஏறுகிற ஊரில் வந்து சொன்னான்.

“என் ரூம் கம்ப்யூட்டர்தான்பா மொதல்ல சொல்லணும். ஓட்டு வாங்கி வந்தவன் நான்” என்றார் தலைவர் வரதராஜன்.

“சட்டப்படி பொறுப்பு செயலாளருக்குத்தான். கட்டளை என் ரூமிலிருந்துதான் போகணும்” என்றார் செயலாளர் சக்ரவர்த்தி.

இரண்டு கையெழுத்தும் வாங்காமல் குமாரவேல் ஊர் திரும்ப முடியாது. இரண்டு அறையிலும் ஆளுக்கொரு கட்டளைக் கோப்பை ஏற்றிவிட்டு பஸ் பிடித்தான். தலைவர் கோப்பின்படி தலைவர் அறைக்கு ராஜபாட்டை, செயலாளர் அறைக்குக் கதவடைப்பு. செயலாளர் கோப்பில் அப்படியே தலைகீழ். பில் கவுன்டருக்கு இரண்டிலுமே வழி இல்லை. அதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு இடம் சங்கத்தில் இருப்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

பட்டு இருக்கிற இடம் என்பதால் ராத்திரியில் மெயினை அணைத்துவிடுவார்கள். பெட்டியும் நேற்று வாங்கிய கட்டளையை மறந்து, காலையில் பச்சைக் குழந்தையாக எழுந்திருக்கும். ஆகவே போட்டி தினமும் புதிது. பதினொரு மணிக்கு வந்துகொண்டிருந்த பெரியவர்கள் ஒன்பதுக்கு வந்தார்கள். பிறகு வாட்ச்மேனுக்கும் முன்னால் வந்து, கேட்டின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்களாக நின்றார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான அலுவலகத்தைக் காஞ்சி கண்டதில்லை.

வள்ளி மட்டும் ஒவ்வொரு சேலைக்கும் குடோனுக்கு ஓடி, இருப்பு பார்த்து, கையால் பில் எழுதினாள். முகூர்த்த சீசன். வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கே. போதாக்குறைக்குச் செயலாளர் வேறு கூப்பிட்டனுப்பினார்.

“மாசக் கடைசியோட உன் காண்ட்ராக்ட் முடியறதும்மா. க்யூ இப்படியே இருந்தா நான் எப்படிப் புதுப்பிக்கிறது?”

“சார், என் கம்ப்யூட்டருக்கு லைனே வரலை சார்.”

“பெட்டி நன்னா வேலை செய்யறதே! என் ரூம்ல பறக்கறது.”

வள்ளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேலை போனால் அவள் வீட்டில் உலை ஏறாது. அதையெல்லாம் பெட்டிக்குப் புரியவைக்க வழியில்லை.

கருட சேவை வந்தது. பெருமாளைச் சேவிக்க இருவரும் போய்விட்டார்கள். அதாவது, யாருக்கு முதலில் மாலை விழுகிறது என்று சேவிக்க. மெயினைப் போட்டதும் பெட்டி எழுந்தது, கூப்பிட்டது. பதில் சொல்ல நாதியில்லை. சற்று நேரத்தில் வள்ளியின் கம்ப்யூட்டரில் குடோன் இருப்பு மளமளவென்று வந்து விழுந்தது. மதியத்துக்குள் வரிசை கரைந்தது. அவள் பயந்துபோய்ச் சென்னையிலிருந்த குமாரவேலுக்கு போன் போட்டாள்.

“அண்ணா, பெட்டி ரிப்பேரா? வேலை செஞ்சிக்கினு இருக்குது!”

“யாரு கட்டளை குடுத்தது?”

“யாருமே இல்லைண்ணா.”

“அதான். யாரும் எதுவும் சொல்லலைன்னா எல்லா வழியையும் தொறந்து வெச்சிக்கினு அதும்பாட்டுக்கு வேலை செய்யும்மா. யாராச்சும் சொன்னாத்தான் மூடும்.”

வள்ளி ராத்திரி முழுக்க யோசிக்கவில்லை; யோசிக்க அதில் ஒன்றுமில்லை. மறுநாளே தலைவரிடம் போனாள்.

“தலைவரே, தப்பா நெனச்சிக்காதீங்க. வாட்ச்மேனோட நீங்க கேட்ல நிக்கிறது பார்க்கவே கஷ்டமா இருக்குது. விசேஷத்துல மொதல்ல வர்றவன் பந்தல்காரன்தானே? பெரிய மனுஷங்க கடைசியாதானே வருவாங்க?”

வரதராஜன் மீசையைத் தடவிக்கொண்டார். “அதுவும் வாஸ்தவம்தாம்மா.”

அதே வார்த்தையை, ‘தலைவரே’வுக்குப் பதில் ‘சார்’ போட்டு, செயலாளரிடமும் சொன்னாள்.

அடுத்த நாள் முதல் போட்டி தலைகீழாயிற்று. தலைவர் பத்துக்கு வந்தால் செயலாளர் பதினொன்றுக்கு வந்தார். பிறகு எதிரெதிர் டீக்கடைகளில் ஆளுக்கொரு பெஞ்சைப் பிடித்து, மற்றவர் முதலில் உள்ளே போகட்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். கோப்புகள் தெருவைக் கடந்து டீக்கடைக்கே போய் வந்தன. சங்கத்துக்குள் மாதக்கணக்கில் தூங்கியவை அங்கே ஒரு டீ ஆறுவதற்குள் கையெழுத்தாயின. வள்ளியின் காண்ட்ராக்டும் அப்படித்தான் புதுப்பிக்கப்பட்டது. படித்துப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. கண் எதிர்ப்பெஞ்சில் இருந்தது.

விற்பனை ஏறியது. வாங்கியவர்கள் வாழ்த்தினார்கள். ஆண்டு முடிவில் மாவட்ட அளவில் ஒரு குழு கூடி, ஆராய்ந்து, ‘தன்னலமற்ற தலைமை’க்கான கேடயத்தைச் சங்கத்துக்கு வழங்கியது. விழா சங்கத்து மாடியிலேயே, காலை பத்து மணிக்கு. கேடயத்தை மற்றவர் வாங்கிவிடக் கூடாதே என்று இருவரும் விடியும்போதே வந்தார்கள். வந்த கையோடு, பழக்கதோஷத்தில், அவரவர் கம்ப்யூட்டரையும் போட்டார்கள்.

மாடியில் மைக் முழங்கியது. “இந்த இரு பெரியவர்களின் ஓயாத உழைப்பு இல்லையென்றால்...” கைதட்டல் அடங்கவே இல்லை.

கீழே கவுன்டரில், திருப்புட்குழியிலிருந்து மகளின் கூறைப்புடவைக்கு வந்த கங்கையம்மாள் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா, போன தபா வந்தப்ப வந்ததும் பில்லு குடுத்துட்ட. இன்னிக்கி என்னா இவ்ளோ நேரம்?”

வள்ளி பேனா மூடியைத் திறந்தாள்.

“கோச்சிக்காதீங்கம்மா. இன்னிக்கி ரெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டாங்க.”