தலைகீழாய் நின்ற ஐந்தாம் ஸ்லாட்

கம்ப்யூட்டருக்குள் சவுண்டு கார்டை எந்த ஸ்லாட்டில் செருகினாலும் ஒன்றுதான் என்று நீங்களும் சொல்லத்தானே போகிறீர்கள்? சற்றுப் பொறுங்கள். அந்த ஒரு சொல்லால்தான் ஒரு வீட்டின் முன்னறை போர்க்களமாயிற்று. ஆகவே முதலில் நாயகனை வாழ்த்துவோம். வாழ்க, திருப்புளி ஏந்திய தடக்கையன்! வாழ்க, பழைய இரும்புக் கடையில் சிறைப்பட்டிருந்த கிழக் கம்ப்யூட்டரை மீட்டு, அதன் தூசி முழுவதையும் தன் நுரையீரலுக்கே காணிக்கையாக்கிய தும்மல்வேந்தன்!

பகையின் வேர் ஒரு மேசை. அதன்மேல் அந்தக் கம்ப்யூட்டர் அரியணை ஏறியிருக்க, தையற்காரியாகிய அவன் அக்காவின் புது மெஷின் தரையில், அட்டைப் பெட்டிக்குள் அஞ்ஞாதவாசம் செய்தது. அரியணை ஏறியதன் பராக்கிரமமோ, கார் பந்தய கேமில் எஞ்சின் உறுமும் போதெல்லாம் கார் விக்கி நின்றது.

"இந்த விக்கலுக்கு ஒரு மேசையாடா? இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள சத்தத்தோட, திக்காம, ரெண்டு பந்தயம் ஓட்டிக் காட்டு. இல்லன்னா மேசை எனக்கு."

"ஸ்லாட்ட மாத்தினா போதும்க்கா!"

"எங்க செருகினாலும் அதே கார்டுதானடா?"

கேட்டனள் கொடியோள்! சினந்தனன் வேந்தன்! கேபினெட்டின் கதவம் திறந்தது. உள்ளே, பச்சை நிலத்தில் ஐந்து சிற்றரசுகளென ஐந்து ஸ்லாட்டுகள். உச்சியில் படம் காட்டும் கார்டு; அதன் காலடியில், இரண்டாம் ஸ்லாட்டில், சவுண்டு கார்டு. இவ்விரு கார்டுகளின் வீட்டுக்கும் ஒரே அழைப்புமணி; எவர் அடித்தாலும் பிராசசர் என்னும் ஏழை வேலையாள் இரண்டு வாசலுக்கும் ஓடி "நீயா, நீயா?" என்று வினவ, அதற்குள் கார் நடுவீதியில் உறைந்துவிடும். இதுவே விக்கலின் மறைபொருள்.

மூன்றாம் ஸ்லாட்டுக்குப் படையெடுத்தான். கார் பறந்தது, சத்தம் விக்கியது. நான்காமிடம் புகுந்தான், கம்ப்யூட்டர் கண்ணே திறக்கவில்லை. விரல் கீறிக் குருதி கசிய, மார்பில் வியர்வை அருவியென இழிய, பாதாளமென ஆழ்ந்த ஐந்தாம் ஸ்லாட்டில் கார்டை அழுத்தினான். பறந்தது கார்! வளைவிலும் திக்கவில்லை, நேர்வழியிலும் தளரவில்லை!

"சத்தம் எங்கடா?"

அந்தோ! ஸ்பீக்கர் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. அதன் வயர் பாதாளத்தை எட்ட நான்கு விரற்கடை குறைந்தது. இழுத்தான், நாணென விறைத்ததேயன்றி நீளவில்லை. அப்போது உதித்தது, அறிவுடையோர் எவருக்கும் உதிக்காத அந்த உபாயம். கேபினெட்டை இரு கையாலும் தூக்கித் தலைகீழாக நிறுத்தினான். கடையோன் முதல்வனானான்! ஐந்தாம் ஸ்லாட் விண்ணை நோக்கியது, வயர் எட்டியது, எஞ்சின் உறுமியது, முதற் பந்தயம் முடிந்தது. மேசை தனதே என்று நாயகன் மார்தட்டிய அக்கணம், திரையில் எழுந்தது ஓர் அசரீரி: இரண்டாம் சி.டி.யைச் செருகுக.

பொத்தானை அழுத்தினான். சி.டி. தட்டு குப்புற நீண்டது. உள்ளிருந்த முதற் சி.டி., வானினின்று வழுக்கிய வெண்மதியென, அக்காவின் ஊசிப் பெட்டிக்குள் விழுந்தது. இரண்டாவதை விரலால் தாங்கினான். தட்டு விரலைக் கடித்தது. பசைநாடா ஒட்டினான்; உள்ளே ஏதோ கறகறவென்று அழுதது. மேற்கில் கதிரவன் சாய்ந்தான்.

"கார்ட மாத்துறேன்னுட்டு கம்ப்யூட்டரையே சிரசாசனம் பண்ண வெச்சிட்டியேடா! போதும், எறக்கு."

"ஸ்லாட் விஷயத்துல நான் ஜெயிச்சேன்ல?"

"ஜெயிச்சே, ஜெயிச்சே. ஒரு பக்கம் பிடி, மெஷின தூக்கி வெக்கலாம்."

கம்ப்யூட்டர் தரைக்கு வந்தது, நேராக. ஸ்பீக்கரையும் ஆணியிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். வயர் தாராளமாக எட்டியது, கார் இப்போது திக்காமல் ஓடுகிறது.

ஆமா, அந்த ஸ்பீக்கர முதல்லயே கழட்டியிருக்கலாமோ, நீங்க என்ன நினைக்கிறீங்க?